ஒன்றை வெளியேற்றுவதா, எல்லாவற்றையுமா, பாஸ்வேர்டையே மாற்றுவதா?

கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தால், அந்தக் கணக்கு எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வருகிறது. நான்கு வரிகள் தெரிந்தவை. ஐந்தாவது யாருடையது என்று புரியவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் ‘வெளியேற்று’ என்று ஒரு பொத்தான், பட்டியலின் அடியில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்று இன்னொன்று, எங்கோ ஓரத்தில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஓர் அறிவுரை. எதை அழுத்துவது?

மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் அழுத்திவிட்டு, கடைசியில் தன் கணக்குக்குள் தானே நுழைய முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒன்றை மட்டும் வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் மறுநாளே திரும்ப உள்ளே வந்ததைக் கவனிக்காமல் இருப்பவர்களும் உண்டு. என் கணிப்பில் இந்த முடிவு ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அடுத்தவர் கையில் சிக்கியிருப்பது திறந்து கிடக்கும் லாகினா, பாஸ்வேர்டா, இல்லை சாதனமேதானா? அது தெரிந்துவிட்டால் எந்தப் பொத்தான் என்பதில் பெரிய குழப்பம் இருக்காது.

## அந்த ஐந்தாவது வரி உங்களுடையதாகவே இருக்கலாம்

முடிவெடுப்பதற்கு முன் பட்டியலை ஒழுங்காகப் படிக்க வேண்டும். இது நினைப்பதைவிடச் சிரமமான வேலை. ஏனென்றால் பட்டியல் சொல்வதெல்லாம் உண்மை இல்லை.

பிரௌசர் வழியாக நுழையும்போது, ‘நான் இன்ன கணினி, இன்ன பிரௌசர்’ என்று பிரௌசரே ஒரு வரியை அனுப்புகிறது. அந்த வரி பல விஷயங்களில் பழையதிலேயே நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கணினியில் இருக்கும் குரோமும் தன்னை விண்டோஸ் 10 என்றுதான் அந்த வரியில் சொல்லிக்கொள்கிறது. 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், ஐபேடில் இருக்கும் சஃபாரி தன்னை மேக் கணினி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு குரோமோ 2023 முதல் போனின் மாடலை மறைத்துவிட்டு, எந்தப் போனாக இருந்தாலும் ‘ஆண்ட்ராய்டு 10’ என்றும், மாடல் இருக்க வேண்டிய இடத்தில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தையும் அனுப்புகிறது. ஆக, மேக்கே இல்லாத வீட்டில் ‘மேக், சஃபாரி’ என்று ஒரு வரி வந்தால் அது சோபாவில் கிடக்கும் ஐபேடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இடமும் அப்படித்தான். ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்கு இருக்கும் எண்) வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு அது. மொபைல் டேட்டாவில் இருந்தால் நெட்வொர்க் நிறுவனத்தின் மையம் இருக்கும் ஊர் காட்டப்படலாம்; இணைப்பை வேறு இடம் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டிருந்தால் வேறு நாடே காட்டப்படலாம். ஒரே போன் பட்டியலில் மூன்று முறை வருவதும் சகஜம். ஆப்பில் ஒரு லாகின், பிரௌசரில் ஒன்று, வேறொரு ஆப்புக்குள் திறந்த பக்கத்தில் ஒன்று என்று கூகுள் ஒவ்வொன்றையும் தனித்தனி செஷனாகத்தான் (ஒரு லாகினில் தொடங்கி வெளியேறும்வரை நீளும் தொடர்பு) எண்ணுகிறது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். அதிலும் ‘கடைசியாகப் பயன்படுத்தியது’ என்பதைவிட, முதன்முதலில் எப்போது உள்ளே வந்தது என்பது. கடைசி நேரம், பின்னணியில் தானாகத் தகவலைப் புதுப்பித்துக்கொள்ளும் சின்க் காரணமாகக்கூட மாறிக்கொண்டிருக்கும். முதல் நேரம் மாறாது. அந்த நாளில் புதுப் போன் வாங்கினீர்களா, பிரௌசரின் குக்கீகளை (லாகினை நினைவில் வைக்கும் சின்னக் குறிப்புகள்) அழித்தீர்களா, வேறு எங்காவது உட்கார்ந்து ஒரு பிரிண்ட் எடுத்தீர்களா என்று யோசித்தால் பாதி மர்மங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். ஜிமெயிலை கணினியில் திறந்தால் இன்பாக்ஸின் வலது அடியில், கண்ணுக்கே படாத சின்ன எழுத்தில் ‘விவரங்கள்’ என்று ஓர் இணைப்பு இருக்கும். பிரௌசரா, மொபைலா, வேறு மெயில் ஆப்பா, எந்த ஐபி என்றெல்லாம் சமீபத்திய நுழைவுகளை அது காட்டும். உங்கள் ஐபியோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நேரடியான இடம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாத வரி என்றால், அதை அந்நியர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதையும் அழுத்தும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சாதனம், நேரம், இடம், ஐபி எல்லாம் அதில் வரட்டும். வெளியேற்றிய பிறகு பல தளங்களில் அந்த வரி மறைந்துவிடும். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் கையில் ஒன்றுமே இருக்காது.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். இது எதைத் துண்டிக்கிறது? எவ்வளவு சீக்கிரம்? துண்டிக்கப்பட்டவர் திரும்ப வர முடியுமா? எனக்கு என்ன செலவு? அந்த ஆளுக்குத் தெரியவருமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சிலருக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நீங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும், தளம் உங்கள் பிரௌசரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் காட்டப்படுவது அந்த டோக்கன்தான். கண்காட்சியில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் முத்திரை குத்தி அனுப்புவார்களே, அதற்கப்புறம் வாசலில் யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், அந்த மாதிரி. வெளியேற்றுவது என்றால் சர்வர் தன் பக்கத்தில் அந்த முத்திரையைச் செல்லாது என்று அறிவிப்பது. அவ்வளவுதான். பாஸ்வேர்டுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் நடந்தது. அதன் ஒரு வசதியில் இருந்த ஓட்டை வழியாக டோக்கன்கள் திருடுபோயின. ஐந்து கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று முதலில் சொன்ன பேஸ்புக், முன்னெச்சரிக்கையாக இன்னும் நான்கு கோடியைச் சேர்த்து, ஒன்பது கோடிப் பேரின் டோக்கன்களை ரத்து செய்தது. காலையில் எழுந்து பார்த்தவர்கள் வெளியே நின்றார்கள். யாரும் பாஸ்வேர்டை மாற்றத் தேவையில்லை என்றும் பேஸ்புக் அப்போதே சொன்னது. போனது டோக்கன், டோக்கனைக் கொன்றார்கள், கணக்கு நேர்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

## ஒரே ஒரு சாதனத்தை வெளியேற்றுவது

துண்டிப்பது: அந்த ஒரு சாதனத்தின் செஷனை மட்டும்.

மறந்துபோய் லாகவுட் செய்யாமல் வந்துவிட்ட இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. நண்பரின் லேப்டாப், அலுவலகத்துப் பழைய கணினி, தங்கியிருந்த அறையின் டிவி, விற்றுவிட்ட டேப்லெட். இங்கெல்லாம் உங்கள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. திறந்து கிடப்பது கதவு மட்டும்தான். மற்றச் சாதனங்கள் எதற்கும் தொந்தரவு இல்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்துக்குப் போய் அந்தக் கணினியின் பெயரைத் தொட்டு வெளியேற்றினால் வேலை முடிந்தது. அங்கே பிரதான போனைத் தவிர நான்கு சாதனங்கள்தான் இணைக்க முடியும் என்பதால் பட்டியலும் குட்டியாகவே இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. செஷன் செத்துவிட்டாலும், அந்தச் சாதனத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் சரக்கு அங்கேயேதான் இருக்கும். டவுன்லோட் செய்த பேங்க் ஸ்டேட்மென்ட் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். மெயில் ஆப் சேமித்து வைத்த பழைய மெயில்கள் இருக்கலாம். அந்தக் கணினியின் பிரௌசரில் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா’ என்று கேட்டதற்கு அவசரத்தில் சரி என்று அழுத்தியிருந்தால் அதுவும் இருக்கும், அப்போது வெளியேற்றிய மறு நிமிடமே ஒரே கிளிக்கில் யாரும் திரும்ப உள்ளே வரலாம். சாதனம் இணையத்தில் இல்லையென்றால், அது அடுத்த முறை இணையத்துக்கு வரும்வரை திரையில் பழைய பக்கம் அப்படியே தெரிந்துகொண்டிருக்கவும் கூடும்.

ஆகவே இதைத் தேர்ந்தெடுக்க ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாதனத்தில் பாஸ்வேர்ட் சேமிக்கப்படவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இது போதும். சந்தேகம் என்றால் போதாது.

டெலிகிராமில் ஒரு விசித்திரம் உண்டு. புதிதாக லாகின் ஆன சாதனத்திலிருந்து மற்றச் சாதனங்களை வெளியேற்ற 24 மணி நேரம் ஆக வேண்டும். இது எரிச்சலாகத் தெரியலாம். உண்மையில் உங்களுக்குச் சாதகமான விதி. திருடன் இப்போதுதான் உள்ளே வந்திருந்தால் அவனால் உங்களைத் தள்ள முடியாது. பழைய சாதனத்தில் இருக்கும் நீங்கள் அவனைத் தள்ளலாம். இதே காரணத்தால், பதற்றத்தில் உங்கள் பழைய போனிலேயே லாகவுட் செய்துவிட்டுத் திரும்ப நுழைந்தீர்கள் என்றால் அந்தச் சாதகத்தை நீங்களே அவனுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

## எல்லாவற்றையும் ஒரே அடியாக வெளியேற்றுவது

துண்டிப்பது: நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் சாதனம் தவிர மற்ற எல்லாச் செஷன்களையும். சில தளங்களில் இதையும் சேர்த்து.

பட்டியல் நீளமாக, பழைய போன்களும் பெயர் புரியாத பிரௌசர்களுமாகக் குவிந்து கிடந்தால், ஒவ்வொன்றாகத் துப்பறிந்துகொண்டிருப்பதைவிட இது சுலபம். டோக்கன் திருடுபோயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கும் இதுதான் நேரடி மருந்து. இந்தத் திருட்டு இப்போது சாதாரணமாகிவிட்டது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் கைமாறிப்போனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் என்று மெயிலில் வந்த ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்தார். அதில் இருந்த மால்வேர் (தீங்கு செய்யும் புரோகிராம்) பிரௌசரின் செஷன் டோக்கன்களை அள்ளிக்கொண்டு போனது. டோக்கன் கையில் இருந்தால் பாஸ்வேர்டும் தேவையில்லை, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் குறுக்கே வராது.

‘உடனே’ என்ற சொல்லை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறு என்று அழுத்தினால், அது முழுதாக அமலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி மட்டும் அப்போதும் வெளியேறாது. இதற்குக் காரணம் எளிது. பல சேவைகள் குறுகிய ஆயுள் கொண்ட ஒரு டோக்கனையும், அதைப் புதுப்பித்துக்கொள்ள நீண்ட ஆயுள் கொண்ட இன்னொன்றையும் கொடுத்து வைத்திருக்கின்றன. ரத்து செய்யும்போது சாவது இரண்டாவது. முதலாவது தன் ஆயுள் முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கலாம். அவசரம் என்றால் அந்த இடைவெளியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, உங்களுக்கு ஆகும் செலவு. டிவியில் ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாஸ்வேர்ட் அடிக்கும் தொல்லை ஒன்று. அது பரவாயில்லை. பெரிய ஆபத்து, திரும்ப நுழைவதற்கான வழி வெளியேற்றிய சாதனத்திலேயே இருப்பது. கோட் வர வேண்டிய மெயில் அதே கணக்கில். அந்தக் கணக்கு இப்போது எங்குமே திறந்திருக்கவில்லை. டெலிகிராமில் லாகின் கோட் பொதுவாக ஏற்கெனவே திறந்திருக்கும் டெலிகிராமுக்குத்தான் முதலில் வரும். அது எதுவும் இல்லாமல் போய், அந்த எண்ணின் சிம்மும் உயிரோடு இல்லை என்றால் கதை முடிந்தது. டெலிகிராமின் ரகசிய உரையாடல்கள் அந்தந்தச் சாதனத்தில் மட்டுமே இருப்பவை. வெளியேறினால் அவையும் போய்விடும்.

அதனால் இந்தப் பொத்தானைத் தொடும் முன் மூன்றைச் சரிபார்த்துவிடுங்கள். பாஸ்வேர்ட் நிஜமாகவே நினைவில் இருக்கிறதா (பிரௌசருக்கு நினைவில் இருப்பது கணக்கில் சேராது), ஓடிபி வரும் எண் இப்போதும் உங்களிடம்தானா, ஓடிபி வராதபோது உதவும் பேக்கப் கோடுகள் எடுத்து வைத்திருக்கிறீர்களா. கூகுள் பத்து கோடுகள் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும்.

## பாஸ்வேர்டை மாற்றுவது

துண்டிப்பது: பாஸ்வேர்ட் தெரிந்தவர் திரும்ப வரும் வழியை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரையும் துண்டிக்குமா என்பது தளத்தைப் பொறுத்தது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லாரும் தானாக வெளியே போய்விடுவார்கள் என்பது பொது நம்பிக்கை. சில இடங்களில் அது உண்மை, சில இடங்களில் பாதி உண்மை. பேஸ்புக்கில் மாற்றும்போது மற்றச் சாதனங்களை வெளியேற்றவா என்று ஒரு கேள்வி வரும். நெட்ஃபிளிக்ஸில் எல்லாச் சாதனங்களும் மறுபடி நுழைய வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதைக் கவனிக்காமல் ‘சேமி’யை அழுத்தினால் பழைய ஆட்கள் உள்ளேயே இருக்கலாம்.

கூகுளில் பாஸ்வேர்டை மாற்றினால் பெரும்பாலும் எல்லா இடத்திலும் வெளியேறிவிடும், ஆனால் விதிவிலக்குகள் உண்டு. நுழைவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யப் பயன்படும் சாதனங்கள், நீங்கள் அனுமதி கொடுத்த வெளி ஆப்கள் இருக்கும் சில சாதனங்கள், வீட்டு ஸ்மார்ட் சாதனங்கள் ஆகியவை அப்படியே நிற்கும். முதல் விதிவிலக்கை இன்னொரு முறை படியுங்கள். ‘நீங்கள்தானா?’ என்று கேட்டு ‘ஆம்’ தட்ட வைக்கும் போன், பாஸ்வேர்ட் மாறிய பிறகும் உள்ளேதான் இருக்கும். அந்தப் போன்தான் தொலைந்துபோனது என்றால், பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்று நிம்மதி அடைய முடியாது. அதைப் பட்டியலில் தேடித் தனியாகத்தான் வெளியேற்ற வேண்டும்.

பாஸ்வேர்ட் தெரிந்துவிட்டது, அல்லது வேறு தளத்தில் இதே பாஸ்வேர்டை வைத்திருந்து அங்கே அது கசிந்துவிட்டது, அல்லது போலிப் பக்கத்தில் அதை அடித்துவிட்டீர்கள் என்றால் இதற்கு மாற்றே இல்லை. ஓடிடி கணக்குக்கும் இதுதான். பாஸ்வேர்ட் கைமாறிக் கைமாறி யார் யாரிடமோ போயிருக்கும். ஒவ்வொரு டிவியாக வெளியேற்றினால் அன்று மாலையே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மாற்று, எல்லாரையும் வெளியேற்று, வேண்டியவர்களுக்கு மட்டும் புதியதைச் சொல்.

பாஸ்வேர்ட் தொடாத வழிகளும் இருக்கின்றன. உள்ளே வந்தவன் தன் போனில் ஒரு பாஸ்கீயை, அதாவது பாஸ்வேர்டே இல்லாமல் போனின் பூட்டைத் திறந்தே நுழைய விடும் சாவியை, சேர்த்திருக்கலாம். ரீகவரி மெயிலை (பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்க உதவும் மெயில் முகவரி) மாற்றியிருக்கலாம். வரும் மெயில்களையெல்லாம் தனக்கு ஃபார்வர்ட் ஆகும்படி வைத்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் உங்கள் புதிய பாஸ்வேர்ட் ஒரு பொருட்டே இல்லை. ஃபார்வர்டிங் குறிப்பாக மோசம், ஏனென்றால் சாதனப் பட்டியலில் அது ஒரு வரியாகக்கூடத் தெரியாது.

## ஆப்களின் அனுமதியைப் பறிப்பது

‘இந்தக் கணக்கை வைத்து உள்ளே வா’ என்று நீங்கள் அழுத்திய ஒவ்வொரு தளமும் விளையாட்டும் ஓர் அனுமதியை வாங்கி வைத்திருக்கிறது. சில வெறும் பெயரும் மெயிலும் மட்டும் கேட்டவை. சில மெயிலைப் படிக்கவும் ஃபைல்களைத் திறக்கவும் அனுமதி வாங்கியவை. இரண்டாவது வகையைத்தான் பார்க்க வேண்டும். இவை சாதனங்கள் அல்ல என்பதால் சாதனப் பட்டியலில் வருவதில்லை. தனிப் பக்கத்தில் இருக்கும். செலவு என்று பார்த்தால், அந்த ஆப்பில் மறுபடி அனுமதி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியலில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் கணக்கிலிருந்து ஏதேதோ போஸ்ட் ஆகிறது, மெயில் போகிறது என்றால் முதலில் வர வேண்டிய இடம் இதுதான்.

## சாதனமே போய்விட்டால்

போன் தொலைந்தால் வெளியேற்றுவது முதல் வேலை இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மனம் முதலில் அந்தப் பொத்தானுக்குத்தான் ஓடும்.

ஆண்ட்ராய்டு போனைத் தேடும் வசதி, அதில் உங்கள் கூகுள் கணக்கு லாகின் ஆகியிருந்தால்தான் வேலை செய்யும். கணக்கை வெளியேற்றிவிட்டால் தேடும் கயிற்றையும் சேர்த்து அறுத்துவிடுகிறீர்கள். முதலில் இடத்தைப் பாருங்கள், பூட்டுங்கள், சிம்மை முடக்குங்கள். கிடைக்காது என்று முடிவான பிறகு அழிப்பதும் வெளியேற்றுவதும். அழித்த பிறகு தேட முடியாது. மெமரி கார்டில் இருப்பவை அழியாமல் போகவும் வாய்ப்புண்டு.

ஐபோனில் இன்னொரு பொறி. ‘அழி’யும் ‘நீக்கு’வும் அங்கே ஒன்றல்ல. அழித்தால் தகவல் போகும், ஆனால் ஆக்டிவேஷன் லாக், அதாவது உங்கள் ஆப்பிள் கணக்கு இல்லாமல் போனைத் திரும்ப அமைக்க விடாத பூட்டு, அப்படியே இருக்கும். எடுத்தவனுக்கு அந்தப் போனால் பயனில்லை. தொலைந்த போனைத் தேடும் ஆப்பிளின் ஃபைண்ட் மை-யிலிருந்து நீக்கினால் லாக்கும் போய்விடும். எடுத்தவன் தன் பெயரில் புதிதாக அமைத்துக்கொள்ளலாம். போனைத் திருடியவர்கள் ஆப்பிள் நிறுவனம் மாதிரியே மெசேஜ் அனுப்பி, அந்த நீக்கும் வேலையைச் சொந்தக்காரரையே செய்ய வைக்கப் பார்ப்பது இதற்காகத்தான். விற்கும் போனை நீக்குங்கள். தொலைந்த போனை நீக்காதீர்கள்.

வாட்ஸ்அப் கொஞ்சம் தனி ரகம். சிம்மை முடக்கிவிட்டு அதே எண்ணில் புது சிம் வாங்கி, புதுப் போனில் பதிவு செய்தால் பழைய போனில் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் முன்பே இணைத்திருந்த கணினிகள் பிரதான போன் இல்லாமலும் இயங்கக்கூடியவை. போன் 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தப்படாவிட்டால்தான் தானாகத் துண்டிக்கப்படும். அதுவரை காத்திருக்காமல் புதுப் போனில் அந்தப் பட்டியலையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

## ஒரு பார்வையில்

| வழி | திரும்ப வர முடியுமா | மறைந்திருக்கும் செலவு | எப்போது இது |
|---|---|---|---|
| ஒன்றை மட்டும் | பாஸ்வேர்ட் தெரிந்தால் முடியும் | அந்தச் சாதனத்தில் இறங்கிய ஃபைல்களும் சேமித்த பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கும் | லாகவுட் செய்ய மறந்த இடம் |
| எல்லாவற்றையும் | பாஸ்வேர்ட் தெரிந்தால் முடியும் | நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளலாம். முழுதாக அமலுக்கு வர நேரம் ஆகலாம் | டோக்கன் திருட்டுச் சந்தேகம், குழம்பிக் கிடக்கும் பட்டியல் |
| பாஸ்வேர்ட் மாற்றம் | பாஸ்கீ, ரீகவரி மெயில் வைத்திருந்தால் முடியும் | சில சாதனங்கள் உள்ளேயே நிற்கும் | பாஸ்வேர்ட் கசிந்தபோது, பகிர்ந்த கணக்கு |
| ஆப் அனுமதி நீக்கம் | நீங்கள் மறுபடி கொடுத்தால் மட்டும் | அந்த ஆப்பின் வசதி நிற்கும் | சாதனப் பட்டியல் சுத்தம், கணக்கு மட்டும் விசித்திரமாக நடக்கிறது |
| பூட்டுவது, அழிப்பது | லாக் இருக்கும்வரை கடினம் | அழித்தால் தகவல் திரும்பாது. ஆண்ட்ராய்டில் தேடலும் நிற்கும் | போனோ லேப்டாப்போ தொலைந்தபோது |

## அந்த ஆளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்

தெரியாத திருடன் என்றால் இந்தக் கேள்வியே தேவையில்லை. தெரிந்தவர் என்றால் நிலைமை வேறு. வீட்டுக்குள்ளேயே ஒருவர் உங்கள் மெயிலையும் மெசேஜையும் கண்காணிக்கிறார், அவரைக் கண்டு உங்களுக்குப் பயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வெளியேற்றிய நொடி அவர் திரையில் லாகின் பக்கம் வந்து நிற்கும். பாஸ்வேர்ட் மாறியது என்று ரீகவரி மெயிலுக்குத் தகவல் போகும், அந்த மெயில் அவருடையதாகவே இருக்கலாம். அவருக்கு உடனே புரிந்துவிடும்.

இந்த நிலையில் ‘ஒன்றும் அழுத்தாமல் இருப்பது’ என்பதும் ஒரு தேர்வுதான், சில சமயம் அதுவே சரியான தேர்வு. அவர் தொடாத வேறொரு சாதனத்தில், அவருக்குத் தெரியாத புது மெயில் ஒன்றைத் தொடங்கி, முக்கியமான பேச்சுகளை அங்கே மாற்றிக்கொள்ளலாம். பழைய கணக்கைச் சுத்தம் செய்வதை, நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு, நம்பகமான ஒருவர் கூட இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

## நிஜமாகவே யாரோ புகுந்துவிட்டார் என்றால்

அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே இல்லை, எல்லாமே வேண்டும். வரிசைதான் முக்கியம். முதலில் மெயில் கணக்கு, ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்ட் ரீசெட்டும் அங்கேதான் வந்து விழுகிறது. அதில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, ரீகவரி எண்ணும் மெயிலும் உங்களுடையவைதானா என்று பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, அப்புறம் எல்லாச் செஷன்களையும் வெளியேற்றுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் வெளியேற்றிய ஆள் நீங்கள் புதுப் பாஸ்வேர்ட் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பழையதை வைத்துத் திரும்ப வந்துவிடுவான். அடுத்து பாஸ்கீ, ஃபார்வர்டிங், ஃபில்டர், ஆப் அனுமதிகள். அதன் பிறகே மற்றக் கணக்குகள்.

மறுநாள் அதே பட்டியலைத் திரும்பப் பாருங்கள். அந்நிய வரி மீண்டும் வந்திருந்தால், அதுவும் புதுப் பாஸ்வேர்ட் போட்ட பிறகு வந்திருந்தால், பெரும்பாலும் பாஸ்வேர்ட் வேறு எங்கும் கசியவில்லை. நீங்கள் அதை அடித்த கணினியிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியில் இருந்துகொண்டு எத்தனை முறை மாற்றினாலும் புதியதும் அவனுக்குப் போகும். மாற்றும் வேலையை வேறொரு சுத்தமான சாதனத்துக்குக் கொண்டுபோய், இந்தக் கணினியின் பிரௌசர் எக்ஸ்டென்ஷன்களையும் சமீபத்தில் நிறுவிய புரோகிராம்களையும் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேர் ஏதாவது இருந்தால் முதலில் அது. அப்படியும் வரி திரும்ப வந்தால், ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவும்வரை அந்தக் கணினியில் எந்தக் கணக்கையும் திறக்க வேண்டாம்.